47,000 ஷில்லிங்குக்கு ஒரு இருக்கை: உகாண்டா தனியார் உயர்நிலைப் பள்ளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தம்

கேட்கப்பட்ட கேள்வி இது: “உகாண்டா அரசு தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து இலவசக் கல்வி நடத்தியது, பிறகு பத்துப் பதினோரு வருடத்தில் நிறுத்திவிட்டது என்று படித்தேன். ஏன் நிறுத்தினார்கள்? நிறுத்தியது சரியா? ஆப்பிரிக்காவில் வேறு எங்காவது இந்த முறை உருப்படியாக நடந்திருக்கிறதா?”

நடந்திருக்கிறது. மொரீஷியஸில் 1977 முதல் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. உகாண்டாவில் அது நிலைக்காமல் போனதற்கும் மொரீஷியஸில் நிலைத்ததற்கும் காரணம் தேடினால், சித்தாந்தத்தைவிடச் சம்பளப் பட்டுவாடாவில்தான் விடை கிடைக்கிறது. அரசும் தனியாரும் சேர்ந்து பள்ளி நடத்தும் எந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது? வாசலுக்கு வந்த பிள்ளையை ‘உனக்கு இடமில்லை’ என்று திருப்பி அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மற்றதெல்லாம் இவற்றின் பின்னால் வருவதுதான்.

உகாண்டாவிலிருந்தே தொடங்குகிறேன்.

1997இல் அங்கே தொடக்கக் கல்வியில் கட்டணத்தை எடுத்தார்கள். ஓராண்டுக்குள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது. அங்கே தொடக்கக் கல்வி ஏழு ஆண்டுகள். ஆகவே அந்த முதல் அலை 2003 இறுதியில் ஏழாம் வகுப்பை முடித்து, உயர்நிலைப் பள்ளிகளின் வாசலில் வந்து நின்றது. உள்ளே இடமில்லை, இருந்த இடத்துக்கும் கட்டணம் உண்டு. ஏழு வருடம் படித்த பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் ஓட்டு எங்கே போகும் என்பது அரசியல்வாதிகளுக்குத் தெரியாததா? 2006 அதிபர் தேர்தலில் அதிபர் முசெவேனி இலவச உயர்நிலைக் கல்வியை வாக்குறுதியாக வைத்தார். 2007 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு உயர்நிலையின் முதல் வகுப்புக்கு மட்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நான்காம் வகுப்புவரை.

சேர்வதற்கான தகுதி எளிது. தொடக்கக் கல்வி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் என்று நான்கு பாடங்கள். ஒவ்வொன்றிலும் 1 என்றால் மிகச் சிறப்பு, 9 என்றால் தோல்வி. நான்கையும் கூட்டி 28 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் இலவச இடம். அந்த இடம் எந்தக் கட்டடத்தில் என்பதுதான் சிக்கலாக இருந்தது. உகாண்டாவில் மாவட்டத்துக்குக் கீழே சப்-கவுண்டி என்ற வட்டாரப் பிரிவு உண்டு. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லாத வட்டாரங்கள் அப்போது ஏராளம். ஆனால் பலவற்றில் தனியார் பள்ளி இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ, போதகரோ, கொஞ்சம் காசு சேர்த்த வியாபாரியோ செங்கல் சுவரும் தகரக் கூரையுமாகக் கட்டி எழுப்பிய பள்ளிகள். தனியார் பள்ளி என்றதும் நம் மனத்தில் வரும் பளபளப்பான கட்டடங்களை இங்கே மறந்துவிட வேண்டும். அங்கே படித்தவர்களில் பலர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள்.

அரசு அந்தப் பள்ளிகளிடம் போனது. தகுதி பெற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், படிப்புக் கட்டணம் வாங்காதீர்கள், தலைக்குப் பருவத்துக்கு 47,000 ஷில்லிங் நாங்கள் தருகிறோம் என்றது. ஆண்டுக்கு மூன்று பருவம், ஆக 1,41,000 ஷில்லிங். எண்ணூறுக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள் ஒரு கட்டத்தில் இந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தன.

இதே திட்டத்தில் இருந்த அரசுப் பள்ளிக்குத் தலைக்கு 41,000 ஷில்லிங். தனியாருக்கு ஆறாயிரம் கூடுதல். மேலோட்டமாகப் பார்த்தால் தனியாருக்குச் சலுகை காட்டியதுபோலத் தோன்றும். ஆனால் அரசுப் பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து தனியாக வருகிறது. கட்டடம் அரசுடையது, ஆய்வகம் கட்டுவதும் அரசு. அந்த 41,000 சாக்பீஸ், தேர்வுத்தாள், விளையாட்டு, மின்சாரம் மாதிரியான அன்றாடச் செலவுக்கு. தனியார் பள்ளிக்கோ சம்பளம், வாடகை, கட்டடக் கடன், ஆய்வகம், கழிப்பறை என அத்தனைக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கிடைத்தது அந்த ஆறாயிரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுக்க அரசு கொடுத்தது 84,60,000 ஷில்லிங். பிற்பாடு 2022 ஜூலையில் அரசே தன் பட்டதாரி அறிவியல் ஆசிரியர்களுக்கு மாதம் 40 லட்சம் ஷில்லிங் சம்பளம் நிர்ணயித்தது. அந்த அளவில் வைத்துப் பார்த்தால், அறுபது பிள்ளைகளின் ஓராண்டுப் படிப்புக்குத் தந்த பணம் ஒரே ஓர் ஆசிரியரின் இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆண்டுகள் வேறு, விலைவாசி வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எந்த அளவுக்கு இடைவெளி இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

விலைவாசியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதுதான் அடுத்த அடி. 47,000 என்ற எண் திட்டம் நடந்த காலம் முழுக்க அசையவே இல்லை. 2007இல் ஒரு டாலருக்குச் சுமார் 1,700 ஷில்லிங், அந்தத் தொகை 27 டாலருக்கு அருகில் இருந்தது. 2017இல் ஒரு டாலர் 3,600 ஷில்லிங்கை எட்டியிருந்தது, அதே 47,000க்கு மதிப்பு 13 டாலர். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறாமலேயே தொகை பாதியாகிவிட்டது. ஒரு சிறு பள்ளியின் முதலாளி இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். சோளமாவு விலை ஏறுகிறது, ஆசிரியர் சம்பளம் கேட்கிறார், அரசுப் பணமோ பருவம் தொடங்கிப் பல வாரம் கழித்துத்தான் வருகிறது. என்ன செய்வார்?

அவர் செய்தவை எல்லாம் ஊருக்கே தெரியும். படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்றுதானே விதி? மதிய உணவுக்கு என்று வாங்கலாம், வளர்ச்சி நிதி என்று வாங்கலாம், மாதிரித் தேர்வுக்கு என்று வாங்கலாம், சீருடையைப் பள்ளியிலேயே வாங்கச் சொல்லலாம். உணவும் உடையும் பெற்றோர் பொறுப்பு என்று அரசே சொல்லியிருந்ததால் கதவு திறந்தே இருந்தது. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பணத்தில் இவர்களைத் தாங்கலாம். முழுநேர ஆசிரியருக்குப் பதிலாகப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியரைச் சாயங்காலம் வரவழைத்து மணிக்கணக்கில் கூலி கொடுக்கலாம். உகாண்டாவில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளில் பாடம் எடுப்பது சகஜம். அவர் எந்தப் பள்ளிக்கும் முழுதாகச் சொந்தமில்லை, பாடம் முடிந்ததும் அடுத்த பள்ளிக்கு ஓட வேண்டியவர். பின்தங்கிய பிள்ளை ஒன்று சந்தேகம் கேட்க நின்றால் நிற்க அவருக்கு நேரமில்லை.

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கொடுமை இன்னும் தெளிவாகத் தெரியும். அவள் இலவச மாணவி. பதிவேட்டில் அரசு பணம் கட்டுகிறது. ஆனால் மதிய உணவுப் பணம் கட்டவில்லை என்று பருவத்தின் நடுவில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். யாரும் அவளைப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை, அவளாகவே வராமல் போகிறாள். உகாண்டாவைச் சேர்ந்த சமூகப் பொருளாதார உரிமை அமைப்பு ஒன்று 2016இல் இந்த ஒப்பந்தப் பள்ளிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இந்த மறைமுகக் கட்டணங்களைத்தான் அழுத்திச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு உகாண்டாவின் கல்வி தனியார்மயமாவது குறித்துக் கவலை தெரிவித்திருந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். உலக வங்கியைச் சேர்ந்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தத் திட்டத்தை முறையாகச் சோதித்தார்கள். விண்ணப்பித்த தனியார் பள்ளிகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் முதலிலும், மற்றவற்றைப் பின்னாலும் திட்டத்தில் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் பெருமளவு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன, தேர்வுகளில் அவர்களின் மதிப்பெண்ணும் சேராத பள்ளிகளைவிட மேலாக இருந்தது. சீராக வரும் ஒரு வருமானம் கிடைத்ததும் பள்ளி கொஞ்சம் வசதியைக் கூட்டிக்கொண்டது ஒரு காரணம். ஓரளவு வசதியும் படிப்பும் உள்ள வீடுகள் இந்தப் பள்ளிகளைத் தேடி வந்தது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளி யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. ஆனால் மதிய உணவுப் பணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைதான் நிலைத்து நிற்கும் என்றால், அந்த வேலையை உணவுக் கட்டணமே செய்துவிடுகிறது.

பீஸ் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உகாண்டாவில் 28 பள்ளிகள்வரை நடத்தியது. கட்டடத்தை நன்கொடைப் பணத்தில் கட்டுவது, அன்றாடச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணத்திலும் குறைந்த கட்டணத்திலும் ஓட்டுவது என்பது அதன் ஏற்பாடு. அதன் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் மற்றப் பள்ளி மாணவர்களைவிட ஏழை வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் கற்றதும் நன்றாகவே இருந்தது என்று 2018இல் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. ஆக, அதே 47,000 ஷில்லிங்கில் நல்ல பள்ளி நடத்த முடியுமா என்றால் முடியும், கட்டடத்தையும் மேற்பார்வையையும் வெளிநாட்டு நன்கொடை தாங்கினால். எண்ணூறு பள்ளிக்கும் அப்படிப்பட்ட நன்கொடையாளர் இல்லை.

அரசு 2018இலிருந்து புதிய மாணவர்களை இந்த ஒப்பந்தத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்கும்வரை பணம் வந்தது. பள்ளியில் இல்லாத மாணவர்களைப் பதிவேட்டில் காட்டிப் பணம் வாங்குகிறார்கள் என்ற புகார், மறைமுகக் கட்டணம், தரமில்லாத பள்ளிகள், மேற்பார்வையிட ஆளில்லாதது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் எனக்குத் தோன்றும் பெரிய காரணம் எளிமையானது: அந்தத் தொகையை உயர்த்தினால்தான் திட்டம் ஒழுங்காக நடக்கும் என்ற கட்டம் வந்துவிட்டது. உயர்த்துவதற்குப் பதிலாக, அந்தப் பணத்தைக் கொண்டு வட்டாரத்துக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி கட்டுவோம் என்று அரசு முடிவெடுத்தது. ‘சீட் ஸ்கூல்’ என்று அங்கே பெயர், விதைப் பள்ளி. உலக வங்கிக் கடனில் இருநூறுக்கும் மேற்பட்ட விதைப் பள்ளிகள் திட்டமிடப்பட்டன.

(இடையில் ஒரு விளக்கம். உகாண்டா நீதிமன்றம் 2016இல் பிரிட்ஜ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 63 பள்ளிகளை மூடச் சொன்னதை இந்தத் திட்டத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவை தொடக்கப் பள்ளிகள், உரிமமும் தரமும் தொடர்பான வழக்கு அது. இந்த ஒப்பந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இனி மொரீஷியஸ். தமிழை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் உள்ள அந்தச் சிறிய தீவில், 1970களின் நடுவில் உயர்நிலைக் கல்வியின் நிலை உகாண்டாவைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. அரசுக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. (அங்கே உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரி என்றே சொல்வார்கள்.) பெரும்பான்மைப் பிள்ளைகள் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளில் படித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சில நல்ல கல்லூரிகளைத் தள்ளிவிட்டால், மீதி பல ஒரு வீட்டு மாடியில் பெஞ்சுகளைப் போட்டு நடத்தியவை. 1975 மே 20 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் தலைநகர் போர்ட் லூயியை நோக்கி நடந்தார்கள். பாலத்தருகே காவல்துறை கண்ணீர்ப் புகை வீசித் தடுத்தது. அந்த ஆண்டே வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1976 டிசம்பரில் தேர்தல். முந்தைய ஆண்டு தெருவில் நடந்தவர்களில் பலர் இப்போது வாக்காளர்கள். தேர்தலுக்கு முன் பிரதமர் ராம்கூலம் இலவச உயர்நிலைக் கல்வியை அறிவித்தார், 1977 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

உகாண்டாவைப் போலவே மொரீஷியஸுக்கும் ஒரே நாளில் பள்ளி கட்ட முடியாது. அதுவும் தனியார் கல்லூரிகளோடுதான் ஒப்பந்தம் போட்டது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கென ஓர் ஆணையம் உருவாக்கியது. ஆசிரியர் சம்பளத்தை ஆணையம் ஏற்றது, பிற்பாடு அரசு ஊழியர் ஊதிய விகிதத்துக்கு இணையாகவே. கட்டட வாடகைக்கும் நிர்வாகத்துக்கும் தனித்தனியே மானியம். பதிலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஆசிரியரின் தகுதியை ஆணையம் பார்க்கும், கட்டடத்தை ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம்மூரில் ‘எய்டட் ஸ்கூல்’ என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மிஷன் பள்ளிக்கு அரசு மானியம் கொடுத்து மேற்பார்வை செய்யும் பிரிட்டிஷ் பழக்கம் இந்தியாவில் 1854ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோடு நிலைபெற்று, ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு 1925ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கையாகப் போனது. உகாண்டாவின் பெயர்பெற்ற பழைய பள்ளிகளான நமிலியாங்கோவும் (1902) கயாசாவும் (1905) புடோவும் (1906) மிஷன்கள் தொடங்கி, பிறகு அரசு உதவியின் கீழ் வந்தவைதான். ஆகவே இந்தக் கூட்டு ஏற்பாட்டைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

மொரீஷியஸில் ஆசிரியர் சம்பளம் விலைவாசியோடு உயர்ந்ததால் அங்கே 47,000 மாதிரி ஓர் எண் உறைந்துபோகவில்லை. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு ஊதிய உயர்வு வந்தால் தனியார் கல்லூரி ஆசிரியருக்கும் வந்தாக வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எந்த அமைச்சரும் ‘இந்த ஆண்டு நிதி இல்லை’ என்று சத்தமில்லாமல் வெட்டிவிட முடியாது. தலைக்கு இவ்வளவு என்ற தொகைக்கு அப்படிக் குரல் கொடுக்கும் ஆளில்லை. பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது. 2005இலிருந்து மாணவர்களுக்குப் பேருந்துப் பயணமும் இலவசம் என்றாக்கினார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கட்டணமில்லாப் படிப்பைக் கைநழுவச் செய்வது பெரும்பாலும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும்தான் என்பது உகாண்டாவின் கதையைப் படித்தவர்களுக்குப் புரியும்.

வாசலில் யாரைத் தடுக்கலாம் என்ற இரண்டாவது கேள்விக்கும் மொரீஷியஸ்தான் எனக்குத் தெரிந்தவற்றுள் கூர்மையான விடை தந்தது. கத்தோலிக்கக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் பாதியைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைத்திருந்தன. மீதிப் பாதிக்கு மட்டும் மதிப்பெண் வரிசை. தன் மகளுக்கு இந்த ஒதுக்கீட்டால் வாய்ப்புக் குறைகிறது என்று ஓர் இந்துத் தந்தை வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மறைமாவட்டம், மொரீஷியஸின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. 2004 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பள்ளி திருச்சபையுடையதாக இருக்கலாம், ஆனால் அதை ஓட்டும் பணம் ஏறக்குறைய முழுவதும் பொதுப்பணம், ஆகவே மத அடிப்படையில் ஒதுக்குவது அரசியலமைப்புக்கு விரோதம். திருச்சபையின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். தாங்கள் கட்டி வளர்த்த பள்ளியின் தன்மை போய்விடும் என்ற அவர்களின் அச்சம் போலியானதல்ல. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வரி கட்டுபவர் எல்லா மதத்தவரும். இந்தத் தீர்ப்பின் நிழல் மதத்தைத் தாண்டியும் விழ வேண்டும் என்பது என் ஆசை. பொதுப்பணத்தில் ஓடும் பள்ளி மதம் பார்த்துப் பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்றால், மதிய உணவுப் பணம் கட்டவில்லை என்று தடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐவரி கோஸ்ட்டில் ஆறாம் வகுப்புக்குத் தேறிய பிள்ளையை அரசு ஒரு தனியார் பள்ளிக்கு ஒதுக்கிவிட்டுக் கட்டணத்தைத் தானே கட்டும். நெடுங்காலம் இருந்த விகிதம், கீழ் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 1,20,000 சி.எஃப்.ஏ. ஃபிராங்க், மேல் வகுப்புகளுக்கு 1,40,000. டாலர் மதிப்பில் பார்த்தால் உகாண்டா கொடுத்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பணம் நேரத்துக்கு வராது. பாக்கி குவிந்து, பள்ளி நடத்துபவர்கள் அரசு ஒதுக்கிய பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம் என்று எச்சரிப்பது அங்கே பழகிப்போன செய்தி. நல்ல விலை பேசித் தாமதமாகக் கொடுப்பதும் குறைந்த விலை கொடுப்பதும் ஆசிரியருக்கு ஒன்றுதான், மாதம் பிறந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கதை வலி மிகுந்தது. அதிபர் மொபுட்டு 1974இல் திருச்சபைப் பள்ளிகளை அரசுடைமையாக்கினார். நடத்த முடியாமல் 1977இல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட், கிம்பாங்கு (காங்கோவிலேயே தோன்றிய கிறித்தவப் பிரிவு) திருச்சபைகளோடு உடன்படிக்கை செய்து திருப்பி ஒப்படைத்தார். நிர்வாகம் திருச்சபைக்கு, சம்பளம் அரசுக்கு. காகிதத்தில் மொரீஷியஸைப் போன்றதுதான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் அரசு நொடித்துப்போய்ச் சம்பளம் நின்றபோது ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், படிப்பு நின்றது. பள்ளியைத் திறக்க வேறு வழியின்றி, பெற்றோர் ஆசிரியருக்கு ‘ஊக்கத்தொகை’ கட்டட்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. தற்காலிகம் என்று வந்தது பல ஆண்டுகள் நிலைத்துவிட்டது. தொடக்கக் கல்வியை 2019இல்தான் இலவசமாக்க முயன்றார்கள், உயர்நிலையில் பெற்றோரின் சுமை அப்படியே தொடர்ந்தது. நல்ல ஒப்பந்தமானாலும் சம்பளம் வராத மாதத்திலேயே அது முறிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கென்யாவில் விடுதலைக்குப் பின் ஊர் மக்களே பணம் போட்டு ‘ஹராம்பே’ பள்ளிகள் கட்டினார்கள். ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள். ஒரு காலத்தில் அரசுப் பள்ளிகளைவிட அவை எண்ணிக்கையில் அதிகம். தகுதியான ஆசிரியரை அரசு அனுப்பிச் சம்பளமும் கொடுத்த பள்ளி தழைத்தது. அனுப்பாத பள்ளியில் தகுதியில்லாத ஆசிரியரும் காலியான ஆய்வகமும்தான் மிஞ்சின.

தனியாரை அடியோடு ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கானா ஓர் உதாரணம். 2017 செப்டம்பரில் அங்கே மேல்நிலைக் கல்வி இலவசமானது, விடுதியும் உணவும் சேர்த்து. பெரிய காரியம், மனதார மதிக்கிறேன். ஆனால் ஓராண்டிலேயே இடம் போதவில்லை. 2018இல் மாணவர்களைப் பச்சை, தங்கம் என்று இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவு பள்ளியில் இருக்கும்போது மற்றது வீட்டில் இருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் தனியார் மேல்நிலைப் பள்ளிகள் மாணவர்கள் இல்லாமல் காலியாகிக்கொண்டிருந்தன. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவற்றின் தலைமையாசிரியர்கள் கேட்டார்கள். ஒரு பக்கம் இடமில்லாமல் வீட்டிலிருக்கும் பிள்ளை, மறுபக்கம் பூட்டிய வகுப்பறை. இதைப் பார்த்த பிறகு, ‘தனியாருக்குப் பொதுப்பணம் ஒரு காசுகூடக் கூடாது’ என்று கொள்கையாகச் சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

உகாண்டா நிறுத்தியது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். விதைப் பள்ளி கட்டும் முடிவு சரி. வட்டாரத்துக்கு ஓர் அரசுப் பள்ளி என்பது எந்த நாட்டுக்கும் குறைந்தபட்ச இலக்கு. வரிசைதான் தவறு. கட்டடம் எழும்பி, ஆசிரியர் நியமனம் ஆகி, மணி அடித்த பிறகு அந்த வட்டாரத்தின் ஒப்பந்தத்தை முடித்திருக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே ஆண்டில் புதுச் சேர்க்கையை நிறுத்தியதால், விதைப் பள்ளி இன்னும் வராத வட்டாரங்களில் 28க்குள் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு முன்பு இருந்த அரைகுறை இலவசமும் போனது. பல தனியார் பள்ளிகள் கட்டணத்தை உயர்த்தின, சில மூடப்பட்டன.

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச் முதல் 2022 ஜனவரிவரை உகாண்டாவில் பள்ளிகள் முழுமையாகவோ பகுதியாகவோ மூடிக்கிடந்தன. உலகிலேயே மிக நீண்ட மூடல் அது. அந்த இரண்டு ஆண்டுகளும் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு வரவில்லை. செங்கல் சுமந்தும் சந்தையில் காய் விற்றும் பைக் டாக்சி ஓட்டியும் அவர்கள் பிழைத்தார்கள். பள்ளி திறந்தபோது பலர் திரும்பவில்லை, சில பள்ளிக் கட்டடங்கள் வேறு தொழிலுக்குப் போயிருந்தன. பத்தாண்டுக் காலம் அரசின் இலவசக் கல்வியை வகுப்பறையில் தாங்கியவர்களில் இவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரில் ஒரு வரியும் இல்லாததால், கஷ்டகாலத்தில் அவர்களுக்கு அரசிடம் கேட்க உரிமையும் இல்லாமல் போனது.

வேறு ஏதாவது நாட்டின் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீங்கள் ஆராயப் போகிறீர்கள் என்றால், தலைக்கு எவ்வளவு என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண்ணை ஆண்டுதோறும் உயர்த்த விதி இருக்கிறதா, பருவம் தொடங்கி எத்தனை நாளுக்குள் பணம் வர வேண்டும், வராவிட்டால் அரசுக்கு என்ன கட்டாயம், மதிய உணவுக்குப் பணம் கட்டாத பிள்ளையை அனுப்பிவிட்டால் பள்ளிக்கு என்ன தண்டனை, ஆசிரியரின் குறைந்தபட்சச் சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.